பாயில் போடச் சொன்ன இரண்டு பெயர்கள்

1

ஜனவரியில் பாளையங்கோட்டையில் எங்கள் கல்யாண வெள்ளி விழாவுக்கு ஸ்தோத்திர ஆராதனை, மதியம் மட்டன் பிரியாணி என்று கேள்விப்பட்டு நாள் குறித்து வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்லிக்கொள்கிறேன். ஆராதனை கிடையாது. பிரியாணியும் கிடையாது. ஏற்பாடு செய்தவர் என் மாமியார். நிறுத்தியவரும் அவர்தான். ஏன் என்று ஆளாளுக்குப் போன் போட்டுக் கேட்பதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

டென்மார்க்கிலிருந்து இதுவரை பனியைப் பற்றி எழுதினேன், சைக்கிளைப் பற்றி எழுதினேன், கல் மாதிரி இருக்கும் கறுப்பு ரொட்டியைப் பற்றி எழுதினேன். படித்துவிட்டுச் சிரித்ததாகச் சொன்னீர்கள். இந்த முறை சிரிப்பு வருமா தெரியவில்லை. கோபத்தில் எழுதுகிறேன். 

எல்லாம் ஜன்னல் திரையில் ஆரம்பித்தது. இந்த ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. வெயிலே அபூர்வம், வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் எதற்கு மறைப்பது என்பது அவர்கள் நியாயம். சாயங்காலம் தெருவில் நடந்தால் எந்த வீட்டில் என்ன சாப்பாடு என்று பார்த்துக்கொண்டே போகலாம். நான் பாளையங்கோட்டைக்காரி. எதிர்வீட்டுக்காரர் பார்க்க உட்கார்ந்து சோறு பிசைய எனக்கு வராது. ஆர்ஹூஸ் நகரத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றைக்கே பழைய சேலைகளைக் கிழித்து ஜன்னல்களில் கட்டிவிட்டேன்.

என் கணவர் ஜெபராஜ் காற்றாலைக் கம்பெனியில் பொறியாளர். அவருக்கு அது மானக்கேடாக இருந்தது. "ரேசன் கடை மாதிரி இருக்கு வசந்தா. ஒரு நல்ல துணியா வாங்கிப் போடேன்" என்றார். அப்படித்தான் நான் கிர்ஸ்டன் என்பவளின் துணிக்கடைக்குள் போனேன்.

துணிக்கடை என்றால் நமக்கு திருநெல்வேலி டவுன் ரதவீதிக் கடைகள்தான் தெரியும். பீஸ் பீஸாக விரித்துப் போடுவார்கள், ஒன்றும் எடுக்காமல் எழுந்தால் முகம் மாறும். இது துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த சின்ன இடம். மரக்கம்புகளில் கொஞ்சம் துணிகள் தொங்கின. அவ்வளவுதான். எல்லாம் அவளே வரைந்து, சாயம் போட்டு, பாதிக்கு மேல் அவளே நெய்தது. வெங்காயத் தோல் சாயத்தில் ஒரு மஞ்சள் இருந்தது. நம் ஊர்ச் சாயங்கால வெயிலைத் தவிர வேறெங்கும் நான் அந்த நிறத்தைப் பார்த்ததில்லை. நான் என் பிரச்சினையைச் சொன்னேன். அவள் யோசித்து, லினன் நூலில் இடைவெளி விட்டு நெய்த ஒரு திரையை எடுத்து வந்து ஜன்னலில் பிடித்துக் காட்டினாள். வெளியே இருந்து பார்த்தால் உள்ளே தெரியவில்லை. உள்ளே வெளிச்சமும் குறையவில்லை. அந்த இடத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு அலைந்தாள். மீனவர்கள் கழித்துப் போட்ட வலையைப் பிரித்துத் தரைவிரிப்பு நெய்யும் ஒரு பையன். கடற்பாசியைத் துணிமேல் பரப்பி வெயிலில் காயப் போட்டு, அதன் நிழலையே அச்சாக்கும் இரண்டு பெண்கள். சத்தத்தை உறிஞ்சும் கம்பளிப் பலகைகள் செய்து சுவரில் மாட்டும் ஒரு அம்மாள். எல்லோரும் இன்றைக்கு இருப்பவர்கள், இன்றைய வீடுகளுக்காக யோசிப்பவர்கள். எனக்கு ஒரு புது உலகமே திறந்தது போல இருந்தது. நான் வேலை பார்ப்பது முதியோர் இல்லத்தில். பகலெல்லாம் பிறர் உடம்பைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கிர்ஸ்டன் நெய்து தந்த குஷன் உறையைத் தடவினால் போதும், அலுப்பு தெரியாது. இந்த நாட்டுக்கு வந்து எனக்கென்று கிடைத்த முதல் சிநேகிதி கிர்ஸ்டன்தான். அதை மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

2

ஒருநாள் எங்கள் வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்தவள், அலமாரி மேல் சுருட்டி வைத்திருந்த எங்கள் கல்யாணப் பாயைப் பார்த்துவிட்டாள்.

நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் கல்யாணம் நிச்சயமானால் பத்தமடைக்குச் சொல்லிவிட்டு, பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் போட்டுப் பாய் நெய்து வாங்குவோம். கோரையைக் கீறி, ஆற்றில் ஊறப் போட்டு, நீளவாக்கில் நூல்பாவு கட்டி, அதில் நெய்யும் பாய் அது. துணி மாதிரி மடியும். எங்கள் பாயில் ஜெபராஜ் மேலே, வசந்தா கீழே, நடுவில் ஒரு பூ.

பாய்க்கு டேனிஷில் எனக்குத் தெரிந்த ஒரே சொல், வாசலில் கால் துடைக்கப் போடுவது. "நானும் என் கணவரும் கல்யாணத்தன்று இதில்தான் உட்கார்ந்தோம்" என்று அதை வைத்துச் சொன்னேன். கால்மிதியில் எதற்கு உட்கார்ந்தார்கள் என்று கிர்ஸ்டன் முழித்தாள். ஜெபராஜ்தான் வந்து விளக்கினார். கோரை, ஆறு, பாவு, பெயர் எல்லாம் சொன்னார். பெயரை ஒருமுறை நெய்துவிட்டால் பிரிக்க முடியாது என்றார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. வீட்டில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்.

அதைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று மரச்சட்டம் கொண்டுவந்து ஆணி அடித்ததும் கிர்ஸ்டன்தான்.

3

அதற்கடுத்து வந்த ஜனவரியில் நாங்கள் இருவரும் கிர்ஸ்டனுமாக ஊருக்கு வந்தோம். பாயை ஜன்னல் திரையாகவும் மேசை விரிப்பாகவும் நெய்ய முடியுமா என்று கிர்ஸ்டனுக்குப் பார்க்க வேண்டியிருந்தது. பத்தமடைக்குப் போகும்போது மேலப்பாளையத்துக்குள் ஆட்டோக்கள் நடுவே கார் ஊர்ந்து, வயல்வெளிக்கு வந்த பிறகுதான் ஜெபராஜ் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். கால்வாய் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

பத்தமடையில் எங்களுக்கு அமைந்தவள் ரஹ்மத். முப்பத்தைந்து வயதிருக்கும். வாய் ஓயாது, கையும் ஓயாது. முன்னறையில் தரையோடு தரையாகத் தறி.

"இவிய யாருக்கா?"

"என் சிநேகிதி. வீட்டுக்குத் துணி நெய்யுதவங்க. பாயில ஜன்னல் திரை வேணுமாம்."

"பாயத் தொங்கவிடப் போறாவளா? நல்ல கூத்து. படுக்கதுக்குல்லா பாயி!" என்று சிரித்தவள், கிர்ஸ்டன் வரைந்து காட்டியதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நெய்யலாம். அகலம் மட்டும் கொறையும்" என்றாள்.

பெயர் போட்ட பாய் ஒன்று தறியில் இருந்தது. ஜெபராஜ் வெளியே கால்வாய்ப் பக்கம் போயிருந்தார். அதைக் கிர்ஸ்டன் குனிந்து பார்த்தபோது ரஹ்மத் தன் வழக்கத்தைச் சொன்னாள். "பேரு போடுத பாய்னா பொண்ணு வீட்டுப் பொம்பளையாள் ஒருத்தி சரின்னு வாய் தெறந்து சொல்லணும்க்கா. ஆம்பளைய சொல்லுத பேர நம்பித் தறியில கை வைக்க மாட்டேன். முன்ன ஒருக்கா மாப்பிள்ளைக்கு அண்ணங்காரர் வீட்டுல கூப்புடுத பேரச் சொல்லிட்டுப் போயிட்டாரு. முழுப் பாயும் வீணாப் போச்சு. பேரு விழுந்தா விழுந்ததுதான். பிரிச்சா கோரை ஒடிஞ்சிரும்."

நான் அதை டேனிஷில் சொல்ல, கிர்ஸ்டன் ரஹ்மத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ரஹ்மத் வெட்கப்பட்டாள். ஜெபராஜை அவள் அண்ணாச்சி என்றாள். நான் அத்தான் என்பேன். கணவர் பெயரை நாலு பேர் முன்னால் சொல்லும் பழக்கம் எனக்கு இன்றைக்கும் கிடையாது. டென்மார்க்கில் அலுவலகங்களில் கேட்டால்கூட எழுதித்தான் காட்டுவேன். மகள் ரேச்சல் இதற்காக என்னைக் கேலி செய்யாத நாளில்லை.

அங்கிருந்து கல்லிடைக்குறிச்சி வரைக்கும் போய் அப்பளம் வாங்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினோம். நான் படித்துறையில் உட்கார்ந்து மூன்று பேர் செருப்பையும் பார்த்துக்கொண்டேன். அவர்கள் இருவரும் ஆழத்துக்குப் போனார்கள்.

4

கோரைத் திரைகள் டென்மார்க்கில் நன்றாக விற்றன. ஒரு கண்காட்சியில் கிர்ஸ்டனுக்குப் பாராட்டு கிடைத்தது. ரஹ்மத் வீட்டில் இன்னொரு தறி போட்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பத்தமடையோடு பேசுகிற வேலை முதலில் என்னுடையதாக இருந்தது. என் வேலை நேரம் மாறிக்கொண்டே இருந்ததால், "நீ அலுத்துப்போய் வார. நான் பேசிக்கிடுதேன்" என்று ஜெபராஜ் எடுத்துக்கொண்டார். வரவேற்பறையில் அவர் ஊர்ப் பேச்சுப் பேசுவது சமையலறைக்குக் கேட்கும். "பைய செய்யுங்கம்மா, அவசரமில்ல" என்பார். வருஷக்கணக்காக என்னிடம் பாதி ஆங்கிலத்தில் பேசிய மனுஷன். பேச்சாவது திரும்பி வந்ததே என்று நினைத்தேன்.

பேச்சு திரும்பி வந்ததென்னவோ உண்மைதான். எனக்காக வரவில்லை.

5

இந்த வருஷம் செப்டம்பரில் ஒரு காலை, வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபோது ரஹ்மத்திடமிருந்து இரண்டு குரல் செய்திகள் வந்தன. முதலாவது அவளுடையது.

"அக்கா, நல்லாருக்கியளா? நம்ம வெள்ளக்காரம்மாவுக்குக் கல்யாணமாமே! நீங்க ஒரு வார்த்த சொல்லல பாருங்க. மாப்பிள்ளை நம்ம ஊரு ஆளு போலுக்கே! அண்ணாச்சிதான் பாய்க்குச் சொல்லியிருக்காவ. அவிய பேசுனத அனுப்புதேன். பேரு ரெண்டும் சரிதானான்னு சொல்லுங்க. பொண்ணு வீட்டுப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச பொம்பளையாள் நீங்கதான. நீங்க சரின்னா நாளைக்கே தறியில ஏத்திருவேன்."

இரண்டாவது ஜெபராஜின் குரல்.

"ரஹ்மத், அண்ணாச்சி பேசுதேன். ஒரு கல்யாணப் பாய் வேணும்மா. நம்ம கிர்ஸ்டன் அம்மாவுக்குத்தான். மாப்பிள்ளை பேரு ஜெபராஜ். மேல ஜெபராஜ், கீழ கிர்ஸ்டன், நடுவுல ஒரு பூ. பைய நெய்தாப் போதும், ஆனா அழகா இருக்கணும். கடை விலாசத்துக்கே அனுப்பிருங்க."

எதிரே ஒரு பையன் ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தான். நான் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் வந்து எழுப்புகிற வரைக்கும், தூங்காமலே, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவருக்கு என்ன துணிச்சல் பாருங்கள். தன் பெயர் ரஹ்மத்துக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியும். நான் சொல்லியிருக்க மாட்டேன் என்பதும் தெரியும். நான் அவருக்குக் கொடுத்த மரியாதைக்குள்ளேயே ஒளிந்துகொண்டு இதைச் செய்திருக்கிறார். இன்னொரு பெண்ணோடு போகிறவன் போயேன். அதற்கு எதற்குப் பத்தமடைப் பாய்? எதற்கு அதே பூ? ஊரை விட்டு வந்து இவ்வளவு காலமாகியும், ஊர்ப் பாய் இல்லாமல் இந்த மனுஷனுக்கு ஓடிப்போகக்கூடத் தெரியவில்லை.

6

அன்று சாயங்காலம் அந்தக் குரலை ஜெபராஜிடமே போட்டுக் காட்டினேன். அவர் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்.

"அது வேற ஜெபராஜ்" என்றார்.

"டென்மார்க்குல எத்தன ஜெபராஜ் இருக்கான்?"

 கரண்டியைக் கழுவினார், துடைத்தார், திரும்பவும் கழுவினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "உன்ட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார்.

"எப்ப?"

"ஜனவரி முடியட்டும்னு பாத்தேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. ஊர்ல எல்லாருக்கும் சொல்லியாச்சு, பாட்டெல்லாம் எடுத்து வச்சிருக்காங்க. அந்த ஒருநாள் மட்டும் பக்கத்துல நில்லு வசந்தா. போட்டோக்கு நின்னாப் போதும். அப்புறம் உனக்கு என்ன வேணுமோ கேளு."

கிர்ஸ்டனோடு இருந்ததைக்கூட ஒருநாள் என் மனசு ஆற்றிக்கொள்ளும் என்று நினைக்கிறேன். இதை ஆற்றிக்கொள்ளாது. பட்டுச்சேலை கட்டி, நான் ஞானஸ்நானம் எடுத்த கோயிலில், என் ஊர் சனம் முழுக்கப் பார்க்க, போதகர் எங்கள் தலையில் கை வைத்து ஜெபிக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொல்ல வேண்டுமாம். அதற்கப்புறம் அவர் விமானம் ஏறி வந்து அந்தப் பாயில் படுப்பாராம்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சுவரில் இருந்த பாயைச் சட்டத்தோடு கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். அவர் தலையணையை எடுத்துக்கொண்டு ரேச்சல் அறைக்குப் போனார். என் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் போல. மறுநாளே ஜனவரிக்கு டிக்கெட் பார்க்க ஆரம்பித்தார்.

ரேச்சல் கோபன்ஹேகனில் படிக்கிறாள். போன் செய்தேன். நான் தமிழில் அழுதேன், அவள் டேனிஷில் சமாதானம் சொன்னாள். அவளுக்குக் கோடைக்காலத்திலேயே தெரியுமாம். கிர்ஸ்டன் வீட்டில் மூன்று பேருமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். "நீங்களும் அப்பாவும் பேசி முடிவு செய்துவிட்டீர்கள் என்று நினைத்தேன் அம்மா. இங்கே எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்?" என்றாள். பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வயிற்றில் பிறந்தவள் எனக்குத் தெரியாத ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள் என்பதுதான் ஆறவில்லை.

கிர்ஸ்டனைப் பார்க்கக் கடைக்குப் போனேன். வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். என் டேனிஷ் முதியோர் இல்லத்தில் கற்றது. கையைத் தூக்குங்கள், தண்ணீர் சூடாக இருக்கிறதா, ஜன்னலைத் திறக்கட்டுமா. திட்டுவதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. அவள் முன்னால் நின்று வாயைத் திறந்தால், "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" என்றுதான் வந்தது. அவள் அழுதாள். மனிதர்களை யாரும் யாரிடமிருந்தும் திருட முடியாது வசந்தா என்றாள். என் தோளில் கை வைக்க வந்தாள். நான் விலகி, அந்த வெங்காயத் தோல் மஞ்சள் துணி எதிலும் படாமல் வெளியே வந்தேன்.

இங்கே பிரிவதற்குக் கம்ப்யூட்டர் போதும். கேள்விகள் வரும், ஆம் என்று அழுத்திக்கொண்டே போனால் முடிந்தது. நாங்கள் இந்த நாட்டுக்குள் வந்தபோது கல்யாணம் ஆனதை நிரூபிக்கக் கோயில் பதிவேட்டு நகல், மொழிபெயர்ப்பு, முத்திரை என்று மாதக்கணக்கில் அலைந்தோம். திருப்பி அனுப்பினார்கள், மறுபடி வாங்கிக் கொடுத்தோம். கட்டினோம் என்பதைத்தான் நம்பவில்லை. அறுக்கிறோம் என்றால் உடனே நம்புகிறார்கள்.

7

ரஹ்மத் பதிலுக்குக் காத்திருந்தாள். நாலு நாள் கழித்து நானே கூப்பிட்டேன்.

"என்னக்கா, பேரு சரியா? பாவு கட்டி வச்சிருக்கேன்."

"ரஹ்மத், ஜெபராஜ்ங்கது உங்க அண்ணாச்சி பேரு."

என் வாயால் அந்தப் பெயரை அடுத்த மனுஷியிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்றது. "படச்சவனே" என்றாள்.  "நான் இத நெய்ய மாட்டேன்க்கா. எனக்கு வேற பாய் இருக்கு."

"நெய்யி. பேரு ரெண்டும் சரிதான். நான்தான பொண்ணு வீட்டு ஆளு? சரின்னு சொல்லுதேன். விலாசத்த மட்டும் மாத்து. கடைக்கு அனுப்ப வேண்டாம்."

"பொறவு எங்கன அனுப்ப?"

"கல்யாணப் பாய மொதல்ல மாப்பிள்ளையப் பெத்தவங்கதான பாக்கணும்? பாளையங்கோட்டையில எங்க அத்த இருக்காங்க. நீயே கொண்டு போ. ஒண்ணும் சொல்லாத. விரிச்சுக் காட்டி, பேரு சரியான்னு கேளு."

அத்தை மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பொய் சொன்ன பிள்ளையை வாசலில் நிறுத்தி வைத்துப் பழகியவர். அந்த ஆராதனைக்காக ஞானப்பாட்டு எண்களை வாரம் தவறாமல் எனக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பொம்மை மாதிரி முன்வரிசையில் உட்கார வைத்து ஏமாற்றத்தான் ஜெபராஜ் என் துணையைக் கேட்டார். நான் யாருக்குத் துணை நிற்பது என்று யோசிக்க எனக்கு அந்த நாலு நாள் தேவைப்பட்டது. அத்தைக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் செய்தேன்.

பாய் நெய்து முடியச் சில வாரங்கள் ஆயின. போன சனிக்கிழமை மத்தியானம். சாப்பாட்டு மேசையில் ஜெபராஜ் விமானச் சீட்டு பதிவு செய்துகொண்டிருந்தார். எனக்கு ஜன்னல் பக்கம் வேண்டுமா என்று கேட்டார். அப்போது அவர் போன் அடித்தது. திரையில் அம்மா என்று வந்தது. அத்தை எப்போதும் எங்கள் இருவரிடமும் சேர்ந்தே பேசுவார் என்பதால் ஒலிபெருக்கியைப் போட்டு மேசை நடுவில் வைத்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார், சிரித்த முகமாக.

பாய் விரிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் தள்ளி ரஹ்மத்தின் குரல்: "வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்கம்மா, பேரு சரியா விழுந்திருக்கா?"

ஜெபராஜ் என்னைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே ஜெபராஜ்" என்றார் அத்தை. "யாருலே இந்தக் கிர்ஸ்டன்?"